மண்ணெண்ணெய் எழுதிப் பார்த்த நீலம்

மண்ணெண்ணெய்.

ஊற்றுப் பேனாவுக்குப் புது மை எதைத் திறந்தாலும் நான் முதலில் எழுதிப் பார்க்கிற சொல் இதுதான். ஒரே சொல்லில் நான்கு மூன்றுசுழி ண. ஆகப் பன்னிரண்டு சுழி. ணெ-க்கு முன்னால் வரும் கொம்புகளின் சுழியையும் சேர்த்தால் பதினான்கு. போதாததற்கு மூன்று புள்ளி. மை தேவைக்கு மேல் இறங்கினாலும், தாள் அதைத் தாங்காவிட்டாலும், சுழிகள் ஒவ்வொன்றாக அடைத்துக்கொள்ளும். மை இறங்கத் தயங்கினால் புள்ளி விழாது. தொட்டவுடன் மை வைக்காத பேனாவை வைத்துக்கொண்டு தமிழ் எழுதுவது பெரிய தொல்லை. ஒவ்வொரு மெய்யெழுத்துக்கும் திரும்பிப் போய்ப் புள்ளியைக் குத்திக்கொண்டே இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் மை சோதிப்பவர்கள் நரி, நாய் வருகிற ஒரு வாக்கியத்தை எழுதுவார்கள். அதில் எழுத்து இருபத்தாறும் வரும், சரி. ஆனால் சுழிக்கு அதில் என்ன வேலை?

இந்தத் தடவை திறந்தது சாதாரண ராயல் ப்ளூ. 60 மில்லி பாட்டில், 40 ரூபாய். மும்பை மாதுங்காவில் ஒரு மசால் தோசை அதைவிட விலை. ஏப்ரல் கடைசியில் தாராவி 90 அடி ரோட்டில், எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கமான அண்ணாச்சி கடையில் வாங்கினேன். மேல்தட்டில் எங்கேயோ கிடந்ததை ஸ்டூல் போட்டு எடுத்தார்.

"இப்ப மை யாரு தம்பி கேக்கா? பரீட்சை நேரத்துல ரெண்டு மூணு பிள்ளைய வரும். மத்தபடி எல்லாம் ஜெல்லுதான்."

துண்டால் தூசியைத் துடைத்து, பாட்டிலை வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். அடியில் வண்டல் இல்லை. நாள்பட்ட மையை வாங்கும்போது பார்க்க வேண்டியது அதைத்தான். வண்டல், மேலே மிதக்கும் ஏடு, மூடியைத் திறந்தால் வரும் பூஞ்சை வாடை, இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் விட்டுவிடலாம். விலை குறைவு என்று ஒருமுறை அப்படி ஒன்றை வாங்கி, பேனாவின் தொண்டையில் பூஞ்சை பிடித்து, இரண்டு நாள் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவியிருக்கிறேன்.

மையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. கீழே குறைகளும் வருகின்றன. 40 ரூபாய்க்கு இவ்வளவு ஒழுங்காக மை காய்ச்சிக் கொடுப்பவர்களைத் தெருவில் நிறுத்த மனமில்லை. தவிர, ராயல் ப்ளூ என்பது ஒரு குடும்பம். ஊர் மாறினாலும் விலை மாறினாலும் முகஜாடை பெரும்பாலும் ஒன்றுதான்.

என் அன்றாட எழுத்து எப்படிப்பட்டது என்று சொன்னால்தான் மீதிக் கதை புரியும். நான் பல்லார்ட் எஸ்டேட்டில் ஒரு சுங்க ஏஜென்ட் அலுவலகத்தில் இருக்கிறேன். இறக்குமதிச் சரக்குக்கான பில் ஆஃப் என்ட்ரி எல்லாம் கம்ப்யூட்டரில்தான் போகிறது. ஆனால் அதற்கு முன்னால் நடக்கிற கூத்து முழுக்கக் காகிதத்தில். நவ சேவா துறைமுகத்தில் இருந்து போனில் ஒருவர் கன்டெய்னர் எண் சொல்வார்: நான்கு எழுத்து, ஏழு இலக்கம். கையில் கிடைத்த தாளில் குறித்துக்கொள்வேன். அந்த ஏழில் ஒரு 6 ஊறிப்போய் 8 ஆகத் தெரிந்தால் அரை நாள் போச்சு. கடைசி இலக்கம் சரிபார்ப்பதற்கென்றே இருப்பது, கம்ப்யூட்டர் கண்டுபிடித்துவிடும். ஆனால் சரியான எண் எது என்று அது சொல்லாது. மறுபடி போன், மறுபடி ஹிந்தியில் கெஞ்சல். இது தவிர வீட்டுக் கணக்கு, சாமான் சீட்டு, ராத்திரி பத்து மணிக்கு மேல் எழுதுகிற இரண்டு பக்கம். அப்புறம், செம்பூரில் எங்கள் குடியிருப்புச் சொசைட்டிக்கு நான்தான் செக்ரட்டரி. வேறு யாரும் ஒப்புக்கொள்ளாததால் கிடைத்த பதவி. அந்த மினிட்ஸ் புத்தகம் கையால் எழுதுவது.

ஆகவே எனக்கு மை அழகாக இருக்க வேண்டும் என்ற ஆசை கொஞ்சம்தான். சாயும் வெளிச்சத்தில் சிவப்பு மினுங்குகிற மை, பொன்துகள் கலந்த மை என்று என்னென்னவோ வருகிறது. வாங்கியும் பார்த்திருக்கிறேன், எனக்கு ஒத்துவரவில்லை. மட்டமான தாளில் ஊறக்கூடாது. மூன்று நாள் எழுதாமல் வைத்தாலும் எடுத்தவுடன் எழுத வேண்டும். கழுவினால் பேனாவை விட்டுப் போக வேண்டும். இவ்வளவுதான் கேட்டேன்.

முதல் நாள் எபோனைட் என்கிற கெட்டி ரப்பர் பேனாவில் ஊற்றினேன். ஃபில்லரால் நேரே உடம்பில் மை ஊற்றுகிற பழைய ரகம். இரண்டரை மில்லி பிடிக்கும், எனக்கு ஐந்தாறு நாள் ஓடும். மண்ணெண்ணெய் எழுதினேன். பதினான்கு சுழியும் திறந்து நின்றன. மூன்று புள்ளியும் முதல் தொடுதலில் விழுந்தன. நிறம் எழுதும்போது கண்ணைப் பறித்தது, காய்ந்ததும் ஒரு படி இறங்கி, துவைத்த ஸ்கூல் யூனிஃபார்ம் நீலமாக நின்றது. இந்த இறக்கம் ராயல் ப்ளூவின் பிறவிக் குணம். ஈரத்தில் பார்த்து மயங்கி வாங்குபவர்கள் மறுநாள் ஏமாறுவார்கள்.

காய்கிற நேரத்தை விரலால்தான் அளந்தேன். ஒரு கோடு, ஐந்து விநாடி எண்ணி விரலால் இழுப்பு. இன்னொரு கோடு, பத்து விநாடி. இப்படியே. மே மாதம், ஃபேன் ஓடுகிற அறையில், 75 ஜிஎஸ்எம் ஜெராக்ஸ் பேப்பரில் எட்டு விநாடி. மினிட்ஸ் புத்தகம் மாதிரி வழவழப்பான ரெஜிஸ்டர் தாளில் பதினான்கு. மகளின் ரஃப் நோட்டில் ஐந்துகூட ஆகவில்லை. அந்தத் தாள் மையைக் குடிக்கிற தாள். ஆனால் குடிக்கிற வேகத்தில் பின்பக்கமும் பாதி தெரிந்தது.

மே கடைசிவரை எனக்கு இந்த மை மேல் ஒரு குறையும் இல்லை. இங்கேயே நிறுத்தியிருந்தால் 'நல்ல மை, வாங்கலாம்' என்று இரண்டு வரியில் முடித்திருப்பேன்.

மழை பிடித்த முதல் வாரத்தில் அதே பேனா, அதே மை, அதே ஜெராக்ஸ் பேப்பர் கட்டு. மண்ணெண்ணெய் எழுதினேன். நடுவில் இருந்த இரண்டு ண-வும் நீலக் கம்பளிப்பூச்சியாகிவிட்டன. எழுத்தின் ஓரமெல்லாம் மயிர் முளைத்த மாதிரி. தாளின் இழைகளைப் பிடித்துக்கொண்டு மை நாலாபக்கமும் ஓடியிருந்தது. மை கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். பாட்டிலைச் சாய்த்துப் பார்த்தேன், முகர்ந்து பார்த்தேன். ஒன்றுமில்லை.

பிறகு ஒரு சந்தேகம். அதே கட்டிலிருந்து ஐந்து தாளை எடுத்து இஸ்திரிப் பெட்டியால் லேசாகத் தேய்த்தேன். தாளிலிருந்து ஈர வாடையுடன் மெல்லிய ஆவி எழுந்தது. ஆறவைத்து உடனே எழுதினால், ஓர் ஓரத்தில்கூட மயிர் இல்லை, சுழி எல்லாம் திறந்துகொண்டன. மே மாதத்து மண்ணெண்ணெய் திரும்பி வந்துவிட்டது. மீதித் தாளை மேசையிலேயே விட்டேன். சாயங்காலம் எழுதினால் மறுபடி கம்பளிப்பூச்சி.

சட்டைக்குக் கஞ்சி போடுகிற மாதிரி தாளுக்கும் ஆலையில் ஒரு கஞ்சி உண்டு. மாவுப்பசை, பைன் மரப் பிசின், இப்போது வேறு சில ரசாயனங்கள். மை இழைகளுக்குள் ஓடாமல் மேலேயே நிற்க வைப்பது அந்தக் கஞ்சிதான். ஜெராக்ஸ் மெஷினுக்குச் செய்த தாளுக்கு அதைத் தாராளமாகப் போட வேண்டிய அவசியம் இல்லை, டோனர் தூள் ஊறாது. இந்த ஊர் ஜூலைக் காற்றில் ஈரப்பதம் 80 விழுக்காட்டைச் சுற்றியே நிற்கும். தாள் அதைக் குடித்துக்கொண்டே கிடக்கிறது. ஏற்கெனவே நனைந்த வழியில் மை ஓடுவதற்குக் கேட்பானேன். குளிர்நாட்டில் சூடேற்றிய அறையில் உட்கார்ந்து ஒருவர் 'ஊறவே இல்லை' என்று எழுதினால் அவர் சொல்வது உண்மைதான். அவருடைய காற்றுக்கு உண்மை.

ரெஜிஸ்டர் தாள் தேவலை. சுழி அடைக்கவில்லை, ஆனால் காய்வதற்குப் பதினான்கு விநாடி என்பது அரை நிமிடத்தைத் தாண்டியது. மினிட்ஸ் புத்தகத்தை மூடியபோது எதிர்ப்பக்கத்தில் 'தண்ணீர் டேங்க் சுத்தம் செய்வது' என்கிற தீர்மானம் கண்ணாடியில் தெரிவது போல இடவலம் மாறி ஒட்டியிருந்தது. ஒற்றுத்தாள் தேடி அப்துல் ரஹ்மான் தெரு முழுக்க அலைந்தேன். எழுதுபொருள் மொத்த வியாபாரத் தெரு அது. 'பிளாட்டிங் பேப்பர்' என்றதும் ஒரு பையன் கெமிஸ்ட்ரி லேபுக்கா என்று கேட்டான். நான்காவது கடையில் இளஞ்சிவப்பில் ஒரு கட்டு கிடைத்தது.

ரயில் சோதனை நான் திட்டமிட்டதல்ல. சாயங்காலம் சிஎஸ்எம்டியில் ஏறினால் ஹார்பர் லைனில் உட்கார இடம் கிடைத்துவிடும். கிளம்புகிற ஸ்டேஷன் அல்லவா. மறுநாள் வேலைகளைக் குர்லா வருவதற்குள் எழுதி முடிப்பது பழக்கம். ஒருநாள் காட்டன் கிரீன் தாண்டியதும் பேனா கக்கியது. முத்து முத்தாக இரண்டு சொட்டு நோட்டில், ஒன்று சட்டையில். இது மையின் தவறில்லை, பேனாவின் தவறும் இல்லை. உள்ளே மை மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கியதும் மீதி இடம் காற்று. கைச்சூட்டில் அந்தக் காற்று விரிந்து மையை நிப் வழியாகத் தள்ளும். எபோனைட் பேனாவை நெஞ்சோடு வைத்துக்கொண்டு கூட்டத்தில் நின்றுவிட்டுப் பிறகு எடுத்து எழுதினால் கக்காமல் என்ன செய்யும்? பாதிக்கு மேல் மை இருக்கும்படி வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை. தெரிந்தும் நான் செய்வதில்லை.

வீட்டில் சட்டையைப் பார்த்ததும் மனைவி, "வெள்ளச் சட்டையப் போட்டுக்கிட்டு மை பேனாவக் குத்திக்கிட்டுப் போற ஆளு இந்த மும்பைல நீங்க ஒருத்தர்தான்" என்றாள். குழாயடியில் பச்சைத் தண்ணீரில் அலசி, சோப்புப் போட்டு ஊறவைத்தாள். காலையில் கறை இருந்த இடத்தை அவளாலேயே காட்ட முடியவில்லை. நிரந்தர மை வகை ஒன்று முன்பு தெறித்த சட்டை இன்னும் பீரோவில் இருக்கிறது, வாட்ச்மேனுக்குக் கொடுக்கக்கூட கூச்சமாக.

சட்டையை விட்டுப் போகிற மை தாளையும் விட்டுப் போகும். அதைச் சோதிக்க எனக்குச் சொட்டு நீர் தேவையே இல்லை. இருந்தாலும் வைத்துப் பார்த்தேன். காய்ந்து ஒரு நாள் ஆன எழுத்தின் மேல் ஒரு சொட்டு தண்ணீர், ஒரு நிமிடம், ஒற்றுத்தாள். எழுத்து மேகமாகக் கிளம்பி ஒற்றுத்தாளுக்குப் போய்விட்டது. தாளில் சாயம் போன ஒரு வட்டம். உற்றுப் பார்த்தால் 'ம' தெரிகிற மாதிரி, தெரியாத மாதிரி.

2005 ஜூலை 26 அன்று நாங்கள் தாராவியில் தரைத்தளத்தில் இருந்தோம். சாந்தாக்ரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பெய்த நாள். மித்தி ஆறு எங்கள் வாசல்வரை வந்து, பிறகு வாசலைக் கேட்காமல் உள்ளே வந்தது. மேல்வீட்டு மாடிப்படியில் இரவைக் கழித்துவிட்டு மறுநாள் இறங்கினால் கட்டிலுக்கு அடியில் இருந்த தகரப் பெட்டி நிறையச் சேற்றுத் தண்ணீர். அதில் என் கல்லூரி நோட்டுகளும் நான்கு வருட டைரியும் இருந்தன. எல்லாம் ராயல் ப்ளூ. அம்மா ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொடியில் போட்டாள். காய்ந்ததும் பார்த்தால் பக்கங்கள் வெளிர்நீலமாக, ஒரே சீராக, எழுத்தில்லாமல் இருந்தன. டைரியில் என்ன எழுதியிருந்தேன் என்பது இப்போது எனக்கே தெரியாது. பெரிதாக ஒன்றும் இருந்திருக்காது.

அதே பெட்டியில் அப்பாவின் கணக்கு நோட்டும் இருந்தது. அவர் நாங்குநேரிப் பக்கத்திலிருந்து வந்து தாராவியில் ஒரு தோல் ஷாப்பில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். அந்த நோட்டில் சீட்டுக் கணக்கு, ஊருக்கு அனுப்பிய மணியார்டர், யார் யாருக்கு எவ்வளவு கைமாற்று. அட்டை பிய்ந்துபோயிருந்தது, ஓரமெல்லாம் சேறு. எழுத்து மட்டும் ஒன்று விடாமல் இருந்தது. கறுத்து, தெளிவாக. அதை வைத்துக்கொண்டுதான் அந்த மாதச் சீட்டுத் தகராறையே தீர்த்தார்கள்.

அப்பா எழுதியது ப்ளூ-பிளாக்கில். எழுதும்போது நீலமாக இருக்கும், மறுநாள் பார்த்தால் கறுப்பு. சின்ன வயதில் அதை நான் ஏதோ வித்தை என்று நினைத்திருந்தேன். அப்பா சொன்ன விளக்கம் அவருடைய தொழிலில் இருந்து வந்தது. தோல் ஷாப்பில் கடுக்காயும் ஆவாரம்பட்டையும் மூட்டை மூட்டையாக வரும். தோலைப் பதப்படுத்துகிற துவர்ப்புச் சத்து அதில்தான் இருக்கிறது. "ஏலே, ஊறுத தோல்ல இரும்பு ஆணி பட்டுரக் கூடாது. பட்ட இடம் கருத்துரும், பெறகு என்ன செஞ்சாலும் போவாது. இந்த மையும் அதே கததான்" என்பார். அவர் சொன்னது சரி. துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் முதலில் நிறம் மங்கலான, நீரில் கரைகிற ஒரு கலவை. தாளில் காற்றுப் பட்டதும் அது கரையாத கறுப்பாக மாறி இழைகளுக்குள்ளேயே உட்கார்ந்துவிடும். எழுதும்போது கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் நீலச்சாயம் சேர்த்தார்கள். நீலம் முதலில் வருகிறது, கறுப்பு பின்னால் வந்து இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

இதை எழுதுவதற்கு முன்னால் சமையலறையிலேயே செய்து பார்த்தேன். மாதுங்கா மார்க்கெட்டில் வாங்கிய நான்கு கடுக்காயைக் கொட்டை நீக்கி இடித்து வெந்நீரில் ஊறவைத்தேன். டீ டிகாக்‌ஷன் நிறத்தில் வந்தது. ஜன்னல் கம்பி மாற்றியபோது எடுத்து வைத்திருந்த துருப்பிடித்த ஆணி மூன்றைப் போட்டேன். ஆணியைச் சுற்றி உடனேயே ஊதாக் கறுப்பாகப் புகைந்தது. இரண்டு நாளில் டம்ளர் முழுக்கக் கறுப்பு. காளஹஸ்தியில் கலம்காரித் துணிக்குக் கறுப்பு ஏறுவதும் இதே முறையில்தான். பழைய இரும்பையும் வெல்லத்தையும் புளிக்கவைத்த நீரை, கடுக்காயில் நனைத்த துணியில் தீட்டுவார்கள். என் டம்ளர் மையைத் தொட்டு நிப் பேனாவால் மண்ணெண்ணெய் எழுதினேன். காய்ந்தபின் குழாயடியில் காட்டினேன். அசையவில்லை. டம்ளரும் அசையவில்லை, கறை இன்னும் இருக்கிறது, அந்தக் கதை வேண்டாம்.

இதை ஊற்றுப் பேனாவில் ஊற்றக்கூடாது. வண்டல் அடைத்துக்கொள்ளும், புளிப்பு நிப்பை அரிக்கும். ஆலையில் செய்யும்போது இரும்பை மிகக் கொஞ்சமாக வைப்பார்கள். இந்தியத் தர நிர்ணயத்தில் இதற்கென்றே ஐஎஸ் 220 என்று ஒன்று உண்டு, அதில் இரும்பு 0.1 விழுக்காடு. ஆனால் இப்போது ப்ளூ-பிளாக் என்று எழுதி வருகிற பாட்டில்களில் பலவற்றில் இரும்பே கிடையாது, நிறம் மட்டும்தான் அப்படி. சொட்டு நீர் வைத்து ஒற்றினால் தெரிந்துவிடும். அடியில் சாம்பல் நிறத்தில் எழுத்து நின்றால் இரும்பு இருக்கிறது.

அப்படியானால் நீ ஏன் மறுபடி ராயல் ப்ளூவுக்கு வந்தாய் என்று கேட்கலாம். இரும்பு மையை ஒரு வருடம் ஓட்டினேன். வாரம் தவறாமல் பேனாவைக் கழுவுகிறவனுக்கு அது உத்தமமான மை. நான் அப்படிப்பட்டவன் இல்லை. தீபாவளிக்கு ஊருக்குப் போய்ப் பத்து நாள் கழித்து வந்தால் நிப்புக்கு அடியில் இருக்கிற நாக்கில் கறுப்புக் கசடு. அதைச் சுரண்டி எடுக்கப் போய் நாக்கையே உடைத்தேன். இந்த நீலத்தைப் பாருங்கள். ஆகஸ்டில் வேண்டுமென்றே பதினோரு நாள் எழுதாமல் வைத்தேன். எடுத்ததும் எழுதவில்லை, முதல் இரண்டு கோடு வெறுமையாக இழுத்தது. நிப்பை ஒரு சொட்டு தண்ணீரில் தொட்டேன், அவ்வளவுதான். பேனாவைக் கழற்றிக் குழாயில் காட்டினால் ஐந்தாவது அலசலில் தண்ணீர் தெளிந்துவிடுகிறது. நான் எழுதுவதில் பத்தில் ஒன்பது பங்கு, மறுநாள் சாயங்காலத்துக்கு மேல் யாருக்கும் தேவைப்படாதது. கன்டெய்னர் எண்ணும் கொத்தமல்லிக் கட்டும் வெள்ளத்தைத் தாண்டி நிலைத்து யாருக்கு ஆகப்போகிறது?

மீதி ஒரு பங்குக்கு இது உதவாது. எவ்வளவு உதவாது என்பதை மகள்தான் கண்டுபிடித்தாள். சலவை சோடாவைத் தண்ணீரில் கரைத்து, பஞ்சில் தொட்டு என் எழுத்தின் மேல் தேய்த்தாள். நீலம் கண்ணெதிரிலேயே செத்து, மங்கின பழுப்பாகி, ஏறக்குறைய மறைந்தது. காய்ந்ததும் அதன் மேல் எலுமிச்சைச் சாறு பூசினாள். நீலம் திரும்ப எழுந்து வந்தது! அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் இருந்த எலுமிச்சம்பழம் முழுக்க ரகசியக் கடிதத்துக்குச் செலவானது. காரம் பட்டால் இந்தச் சாயத்தின் மூலக்கூறு தன் வடிவத்தை மாற்றிக்கொள்கிறது, நிறம் தெரிவதில்லை. சாயம் போய்விடவில்லை, அங்கேயே ஒளிந்திருக்கிறது. ஐரோப்பியப் பள்ளிக் குழந்தைகள் பிழை திருத்த வைத்திருக்கும் மை அழிப்பான் பேனாவும் இதே வகை நீலத்தை இதே மாதிரி ஒளித்து வைக்கிறதுதான்.

மகளுக்கு விளையாட்டு, எனக்குச் செக் புத்தகம் ஞாபகத்துக்கு வந்தது. ஐந்து ரூபாய்ச் சோடாவால் தொகையை அழித்துவிடலாம் என்றால் இந்த மையில் செக் எழுதுவது பூட்டில்லாத வீட்டுக்குத் திரை போடுவது மாதிரி. 2025 ஜனவரியில், கறுப்பு மையில் செக் எழுதக்கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டதாக ஒரு செய்தி வாட்ஸப்பில் சுற்றியது. எங்கள் சொசைட்டி குரூப்பில் மூன்று பேர் அனுப்பினார்கள். அது பொய் என்று அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகமே மறுத்தது. நிறத்தைப் பற்றிப் பதறியவர்கள் யாரும் அழியுமா அழியாதா என்று கேட்கவில்லை. செக்குக்கும் மினிட்ஸ் புத்தகத்துக்கும் இப்போது தனியாக ஒரு பேனா, அதில் இரும்பு மை. மாதத்துக்கு ஒருமுறை எழுதி முடித்ததும் கழுவிக் கவிழ்த்து வைத்துவிடுகிறேன். வாரா வாரம் கழுவுவதைவிட அது எனக்கு முடிகிற காரியம்.

பழைய தீர்மானங்களை, தண்ணீர் டேங்க் உட்பட, இரும்பு மையில் ஒருமுறை மீண்டும் எழுதிச் சேர்மனிடம் கையெழுத்து வாங்கினேன். "ஏன் சார் ரெண்டு தடவை?" என்றார். கொச்சி மேனன் அவர். மித்தி ஆறு என்று சொன்னதும் மேலே கேட்காமல் போட்டுவிட்டார்.

வெயில் சோதனைக்குத்தான் காத்திருக்க வேண்டியதாயிற்று. மும்பையில் ஜூலையில் வெயிலில் தாளைக் காயவைக்கிறேன் என்றால் சிரிப்பார்கள். அக்டோபர் வெயில் வந்ததும், ஒரு பட்டைத் தாளில் மண்ணெண்ணெய் எழுதி, பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி மேற்கு ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினேன். 'மண்ணெ' வெயிலில், 'ண்ணெய்' நிழலில். முதல் வாரம் மாற்றமில்லை. இரண்டாம் வாரம் நீலம் சாம்பல் தட்டியது. நான்காம் வாரம் அட்டையை எடுத்தபோது 'ண்ணெய்' எழுதிய அன்று இருந்த மாதிரியே இருந்தது. 'மண்ணெ' பழைய துணிக்குப் போட்ட நீலத்தின் சாயலாக, தெரிந்தவர்கள் மட்டும் படிக்கக்கூடியதாக. இந்தக் குடும்பத்துச் சாயங்களுக்கு வெளிச்சம் ஆகாது. மூடிய நோட்டுக்குள் இருக்கும்வரை பயமில்லை. சுவரில் ஒட்டுகிற பால் கணக்குக்கு வேறு பேனா எடுக்க வேண்டும்.

பட்டையை எடுத்துவிடலாம் என்று பார்த்தேன். மகள் விடவில்லை. எலுமிச்சைச் சாறு தடவினால் வெயிலில் போனது திரும்பி வருமா என்று அவளுக்குத் தெரிய வேண்டுமாம். தடவினாள். வரவில்லை. ஒளிந்திருப்பது வேறு, போனது வேறு.

பாட்டில் இப்போது அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. 60 மில்லியில் பேனாவுக்குள் போனது ஐம்பது இருக்கும், மீதி சோதனை, சட்டை, மகள். அண்ணாச்சி கடைக்குப் போனேன். அதே மேல்தட்டு, அதே ஸ்டூல். ஒரு பச்சையும் இரண்டு கறுப்பும்தான் இருந்தன.

"நீலம் தீந்துட்டு தம்பி. நீங்க கேப்பியன்னு தெரிஞ்சா எடுத்து வச்சிருப்பேன். அடுத்த வாரம் சொல்லி வரவைக்கேன், எத்தன வேணும்?"

மூன்று சொல்லியிருக்கிறேன். அதுவரைக்கும் மகளின் ரப்பரை அடியில் கொடுத்துப் பாட்டிலைச் சாய்த்து வைத்து, மூலையில் தேங்குவதை ஃபில்லரால் உறிஞ்சிக்கொண்டிருக்கிறேன். இன்று காலை அரைப் பேனா வந்தது.